நாற்பத்தைந்து மணி நேரம்

சட்டையை மெத்தைக்கு அடியில் மடித்து வைத்து, அதன் மேல் ஒரு ராத்திரி புரண்டு எழுந்தால் லாரிக்காரனுக்கு அதுதான் இஸ்திரி. அந்தச் சனிக்கிழமை அப்படி ஒரு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, திரியெஸ்தே துறைமுக நகரத்துக்கு மேலே மலையில் இருக்கும் லாரி நிறுத்தத்தில் நின்றேன். ரங்கெல் என்னை மேலும் கீழும் பார்த்தான். எங்கள் கம்பெனியில் பத்து வருஷமாக என்னோடு ஓட்டுகிறவன். என்னைவிடச் சின்னவன், வாய் மட்டும் பெரிசு.

“என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி கிளம்பிட்ட. உன் பொண்ணு இன்னும் வரலயா?”

“இந்த வாரம் வரல. அவளுக்கு ஆபீஸ்ல வேலையாம்.”

“அப்ப கீழ போய்க் கடலையாவது பாரு. எத்தன வருஷமா இந்த மேட்டுலயே நின்னுட்டுத் திரும்பிப் போற. வண்டிய நான் பாத்துக்கறேன்.”

அவன் சொன்னது பொய்யில்லை. ஐரோப்பாவில் நான் வண்டியை நிறுத்தாத ஊர் இல்லை; பார்த்த ஊர் என்றும் ஒன்று இல்லை. வாரத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து மணி நேரம் வண்டியை அசைக்கக் கூடாது என்பது சட்டம். டாக்கோ என்று நாங்கள் சொல்லும் பெட்டி ஒன்று முன்னால் உட்கார்ந்துகொண்டு, மாமியார் மாதிரி நிமிஷம் நிமிஷமாகக் கண்காணிக்கும். முன்கூட்டி எடுத்தால் அபராதம். சரி, வண்டியை விட்டுவிட்டு ஊர் சுற்றலாம் என்றால், திரும்பி வருவதற்குள் டீசலை உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் வெரோனா என்றால் எனக்கு ஒரு கழிப்பறை வரிசை, கிராட்ஸ் என்றால் ஒரு கம்பி வேலி. இருபத்திரண்டு வருஷம் இப்படியே போயிற்று. என் மகள் நெவெனா பிறந்ததையும், முதல் வார்த்தை பேசியதையும், பள்ளிக்கூடம் முடித்ததையும் ஏதோ ஒரு வேலிக்குப் பக்கத்தில் நின்று போனில்தான் கேட்டேன். பல்கேரியாவில், லோம் ஊரில் இருக்கும் என் சொந்த வீட்டில் நான் விருந்தாளி.

செப்டம்பரில் அவளுக்கு, இங்கிருந்து எல்லை தாண்டியதும் வரும் லியூப்லியானா நகரத்தில் ஒரு தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. நான் ஓடும் தடங்கள் எல்லாம் அந்த ஊரைச் சுற்றித்தான். கம்பெனியில் வண்டிகளைப் பிரித்து அனுப்பும் ம்லாதெனிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். யாரும் தொடாத சுமைகளை எல்லாம் எடுத்துக்கொண்டேன். வெள்ளி இரவு, அவள் பஸ்ஸில் வந்து சேரக்கூடிய இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவேன். வில்லாக், உதினே, மாரிபோர், ஜ்யோர். சனிக்கிழமை வருவாள். காலையில் ஊரைப் பார்த்துவிட்டு மத்தியானம் வந்து, நான் வைத்த பீன்ஸ் சூப்பைக் குடித்துக்கொண்டே பார்த்ததை எல்லாம் சொல்வாள். ராத்திரி வண்டிக்குள் மேல் படுக்கையில் தூங்குவாள். என் மகள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள் என்பது அவளுடைய இருபத்தோரு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. பதினைந்து சனிக்கிழமைகள் அப்படிப் போயின. இன்னும் பத்து இருக்கிறது என்று ஆசையாக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

பஸ் அரை மணி நேரத்தில் கீழே இறக்கிவிட்டது. பெரிய சதுக்கம். ஒரு பக்கம் முழுக்கக் கடல். டிசம்பர் காற்று ஆளைத் தள்ளியது. இதை எல்லாம் முன்னமே வந்து பார்த்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு நடந்தபோது, எதிரே நெவெனா நின்றுகொண்டிருந்தாள். கூட அவள் வயதில் மூன்று பேர். ஏதோ சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பொய் சொல்லிவிட்டாளே என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. என் பிள்ளை எதிரே நிற்கிறது, அவ்வளவுதான். கை தானாக உயர்ந்தது. அவளும் பார்த்தாள். எல்லையில் கள்ளச் சரக்கோடு மாட்டிக்கொள்கிறவன் முகத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த முகம் என் மகளுக்கு வந்தது.

தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றேன். கூட இருந்தவர்களில் நெட்டையான பெண் ஒருத்தி, போட்டோ எடுத்துத்தரத்தான் கையைத் தூக்குகிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. போனை நீட்டினாள்.

“ஐயா, எங்க நாலு பேரையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?”

தலையை ஆட்டினேன். எங்கள் நாட்டில் சரி என்பதற்கு இடமும் வலமுமாக ஆட்டுவோம். மற்றவர்களுக்கு அது மாட்டேன். எத்தனை வருஷம் வெளியே திரிந்தாலும், பதறும்போது கழுத்து ஊர்ப் பழக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பெண், பரவாயில்லை என்று போனை இழுத்துக்கொண்டாள்.

“சரின்னுதான் சொல்றாரு, ஷ்பேலா,” என்றாள் நெவெனா. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“அட, நீயும் இப்படித்தான ஆட்டுவ. அப்ப இவரு உங்க ஊர்க்காரரா? உங்க பாஷைல பேசேன்டி.”

நெவெனா வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அதற்குக் காத்துக்கொண்டு நின்றேன். நிற்கவில்லை என்று சொன்னால் அது பொய். அவள் உதடு கோணிக்கொண்டு போயிற்று. சின்ன வயதில் ஊசி போடக் கூட்டிப்போனால் இப்படித்தான் ஆகும் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“இல்லம்மா,” என்று முந்திக்கொண்டேன். “நான் துருக்கிக்காரன்.”

அந்தத் துறைமுகத்தில் துருக்கி லாரிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஷ்பேலா நம்பிவிட்டாள். போனைக் கொடுத்து, நெவெனாவை இழுத்து நடுவில் நிறுத்தினாள்.

“நல்லா எடுங்கய்யா. இவ எங்ககூட வர்றதே இதான் மொதத் தடவை. வாரா வாரம் அவங்க அப்பாவோட ஓட்டல் ஓட்டலா ஊரு சுத்துவா. அவரு பெரிய அதிகாரி. எங்களயெல்லாம் கண்டுக்கவே மாட்டா.”

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி என்றது வலித்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட அவள் சொன்ன மற்றதுதான் அதிகம் வலித்தது. முதல் தடவையாம். இந்தப் பிள்ளைகளோடு இப்படிச் சிரிக்க வேண்டிய பதினைந்து சனிக்கிழமைகளை, வேலி ஓரத்தில் என் சூப்பைக் குடித்துக்கொண்டு கழித்திருக்கிறாள். ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ள அவள் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்? தின்றிருப்பேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?

திரையில் நான்கு முகங்கள். மூன்று சிரித்தன.

“நடுவுல நிக்கிற பொண்ணு, கொஞ்சம் சிரிம்மா,” என்றேன்.

சிரித்தாள். எடுத்தேன். போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மேலே வந்ததும் முதல் வேலையாக ம்லாதெனைக் கூப்பிட்டேன்.

“ஸ்பெயினுக்கு ஆள் கெடைக்கலன்னியே. நான் போறேன்.”

“நெசமாத்தான் சொல்றியா? மார்ச் வரைக்கும் இந்தப் பக்கமே வர முடியாதுய்யா.”

“தெரியும். பேரை எழுது.”

நான் மனசு மாறுவதற்குள் எழுதிவிட்டான். யார் வந்து கேட்டாலும் நான் இல்லை என்று சொல்லச் சொல்லி ரங்கெலிடம் சொன்னேன். கண்ணாடித் திரைகளை இழுத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நாற்பது டன்னை ஆல்ப்ஸ் மலையில் ஏற்றி இறக்குகிறவன், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

நாலு மணி இருக்கும். வெளியே அவள் குரல். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடலாமா என்றுதான் முதலில் கை போயிற்று. டாக்கோவில் இன்னும் இருபத்தாறு மணி நேரம் பாக்கி இருந்தது.

“உங்க அப்பா கடலப் பாக்கப் போயிருக்காரும்மா,” என்றான் ரங்கெல்.

“தெரியும் சித்தப்பா. நான்தான் பாத்தேனே.”

அவன் செருப்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று. அவள் என் வண்டிக்கு வந்தாள். தட்டவில்லை. ஏறுகிற படியில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கதவுதான். திறந்தால் மன்னிப்புக் கேட்பாள். என் பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்டு, அதை நான் காதால் கேட்க வேண்டுமா? ஸ்பெயின் விஷயத்தையும் என் வாயால் சொல்ல வேண்டி வரும். அதை நினைத்தபோது கை எழவில்லை.

“அப்பா,” என்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

“அடுத்த சனிக்கிழமை எங்கப்பா?”

திரையை ஒரு விரல் அளவு விலக்கினேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் அவளுடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது. பறக்கும் முடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவில் காய்ந்து கிடந்த சேற்றை மறு கையின் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.