பலகையின் மூன்றாவது கட்டம்

பேஸ்போல் வீரர்களைப் பற்றி பாலேஸ்வரிக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. விளையாட்டின் மேல் உயிர். ஆட்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் கையுறைப் பட்டியை அவிழ்த்து மறுபடி கட்டுகிறார்களே, அந்த அரை நிமிடத்தில் பட்டி எங்கே ஓடிப்போகப் போகிறது? சூரியகாந்தி விதையை வாய் நிறைய அடைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் துப்புகிறார்கள். பந்தைத் தூர அடித்துவிட்டால் வானத்தைச் சுட்டிக்காட்டிக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள். மட்டையால் மூன்று முறை காற்றை வெட்டிவிட்டு வெளியேறும்போது மட்டும் ஒருவரும் மேலே பார்ப்பதில்லை.

"அதில கடவுளுக்குப் பங்கில்லையாமோ?" என்று தொலைக்காட்சியைக் கேட்பாள்.

அறுபது வயதுப் பயிற்றுநர்கள்கூட வயிறு தள்ள, வீரர்களின் அதே இறுக்கமான உடுப்பில் வந்து உட்காருவது அவளுக்குத் தீராத வேடிக்கை. கிரிக்கெட் பயிற்றுநர் கால்காப்புக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தால் எப்படி இருக்கும்?

"இவ்வளவு திட்டிப்போட்டு ஏன் பாக்கிறீர்?" என்று கணவர் ஸ்ரீகாந்தன் கேட்பார்.

"திட்டிறதுக்குத்தான்."

சிட்னியின் வெஸ்ட்மீட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் இரவு வேலை செய்த காலத்தில் பிடித்த பைத்தியம் இது. காலை எட்டு மணிக்கு வேலை முடித்து வந்து, நித்திரை வருவதற்கு மெதுவாக எதையாவது பார்ப்போம் என்று அமெரிக்க ஆட்டமொன்றைப் போட்டாள். வந்த நித்திரையும் போயிற்று. ஒரு மாதத்தில் கொப்பியில் கோடு போட்டு ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறிக்கத் தொடங்கிவிட்டாள்.

அவளை விழுத்தியது மைதானத்து ஸ்கோர் பலகை. ஒவ்வோர் அணியின் பெயருக்கு நேரேயும் கடைசியில் மூன்று கட்டங்கள்: ஓட்டம், ஹிட், எரர். ஒருவன் தன் திறமையால் அடித்துத் தப்பினால் அது ஹிட். சுலபமாகப் பிடித்திருக்க வேண்டிய பந்தை எதிரே நின்றவன் கோட்டைவிட்டதால் தப்பினால் அது எரர், தவறவிட்டவன் பெயரில் எழுதப்படும் பிழை. மூன்றாவது கட்டத்தில் அதற்கென்று ஓர் எண் விளக்கில் ஏறும். மைதானம் முழுக்கப் பார்க்கும்.

"முப்பத்தொரு வருசமா ஒரு பிழையும் ஒத்துக்கொள்ளாத மனுசனோட இருக்கிறன்," என்பாள். "பிழையை லைற் போட்டுக் காட்டிற விளையாட்டெண்டால் விடுவனோ?"

"கிரிக்கெட்டில அஞ்சு நாள் விளையாடினாலும் ஒருத்தரும் பிழையை எழுதி வைக்கிறேல்ல. அது மரியாதையான விளையாட்டு," என்பார் ஸ்ரீகாந்தன்.

ஹிட்டா, எரரா என்று சொல்வது நடுவரின் வேலை அல்ல. மேலே கண்ணாடி அறையில் இருக்கும் ஸ்கோரரின் வேலை. இதில்தான் வீரர்களின் வண்டவாளம் வெளியே வரும். மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்குகிறவன், தன் பெயரில் விழுந்த ஒற்றைப் பிழையை அழிக்கச் சொல்லி ஸ்கோரரிடம் ஆள் அனுப்புவான். அரை மார்க்குக்காக ரீச்சரின் பின்னால் திரிகிற பிள்ளைகள் தோற்றுப்போவார்கள். ஆட்டம் முடிந்து இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் ஸ்கோரர் தன் தீர்ப்பை மாற்றலாம் என்று விதி இருப்பதால் கெஞ்சலுக்கும் அதுவரை நேரம் உண்டு. இந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது பாலேஸ்வரியின் பொழுதுபோக்கு.

சிரித்துக்கொண்டிருந்தவள் பரீட்சை எழுதி, மேற்குச் சிட்னியில் உள்ள ஒரு சின்ன மைதானத்துக்குத் தானே ஸ்கோரர் ஆனாள். நான்கு கோடைகாலமாகச் சனிக்கிழமைகளில் கண்ணாடி அறை அவளுடையது. இதுவரை ஏழு பேர் கெஞ்சிக்கொண்டு படியேறி வந்திருக்கிறார்கள். ஏழு பேரையும் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை மைதானத்தில் ஒருநாளும் இல்லாத கூட்டம். வென்ட்வேர்த்வில்லில் பக்கத்து வீட்டில் இருக்கும் நிரூபாவின் மகன் தனுஜனுக்கு அன்று முதல் ஆட்டம். வழக்கமாக விளையாடுகிறவனின் கை முறிந்ததால் ஷோர்ட்ஸ்டொப், அதாவது தரையோடு வரும் பந்துகளை மறித்துப் பிடிக்கிறவனின் இடம், அவனுக்குக் கிடைத்திருந்தது. நிரூபா வாட்ஸப்பில் விட்ட அழைப்புக்கு முப்பத்திரண்டு பேர் குடையும் மட்டன் ரோல்ஸ் பெட்டிகளுமாக வந்து இறங்கியிருந்தார்கள். ஒருவருக்கும் விளையாட்டு விளங்கவில்லை. அதற்காகக் கைதட்டலில் குறை வைக்கவும் இல்லை. நிரூபா அடிக்கடி எழுந்து கண்ணாடி அறையைப் பார்த்துக் கை காட்டினாள்.

தனுஜனின் அணிக்குப் பந்து வீசியவன் வேட் மெரிக் என்கிற அமெரிக்கன். வயது முப்பத்தேழு. பதினைந்து வருடமாகத் தொழில்முறை வீரன். அதில் அமெரிக்காவின் பெரிய லீக்கில் நின்றது ஒன்பது நாள். மிச்சக் காலமெல்லாம் பேருந்திலும் மலிவு மோட்டல்களிலும் போயிருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் முன் தாடியை மூன்று தரம் சொறிவான். "பேன் பாத்து முடிய எறியட்டும்," என்று பாலேஸ்வரி பென்சிலைக் கீழே வைப்பாள். இதுதான் அவனுடைய கடைசி ஆட்டம். அடுத்த நாள் விமானம். வீட்டுக்குப் போய் மைத்துனனின் டயர் கடையில் சேரப் போகிறான் என்று கேள்வி.

அந்த வேட், எட்டுச் சுற்று முடியும் வரை எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. கடைசிச் சுற்றான ஒன்பதாவதையும் அப்படியே முடித்தால் அது நோ-ஹிட்டர்; எரரால் ஒருவன் தப்பினாலும் அது கெடாது. ஆயிரம் ஆட்டம் ஆடினவனுக்கும் கிட்டாமல் போகக்கூடியது; அவனுக்கு ஒருநாளும் கிட்டாதது. இப்படியான நேரத்தில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது பேஸ்போல் வழக்கம். சக வீரர்கள் தீட்டுத் தொடக்கு வீட்டுக்காரனை விட்டு விலகுவதுபோல அவனைத் தனியே விட்டுவிட்டுத் தள்ளி இருந்தார்கள். பாலேஸ்வரி அந்த வழக்கத்தையும் நக்கலடிப்பவள்தான். அன்றைக்கு அவளும் மூச்சுக் காட்டவில்லை.

ஒன்பதாவது சுற்றில் இரண்டு பேர் வெளியேறினார்கள். இன்னும் ஒருவன்தான். அவன் அடித்த பந்து தரையோடு உருண்டு நேரே தனுஜனிடம் போனது. நிரூபாவே குடையை மடக்கி வைத்துவிட்டு வந்து பிடித்திருக்கலாம், அப்படியான பந்து. அது தனுஜனின் இரண்டு காலுக்கும் நடுவால் போயிற்று.

முப்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள். தனுஜன் தரையைப் பார்த்தபடி நின்றான். நிரூபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன போட?" என்று பலகையை இயக்குகிறவர் கேட்டார்.

தனுஜனைத் தொட்டில் காலத்திலிருந்து தெரியும். முதல் ஆட்டம். தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் பெயரில் அந்தப் பெரிய விளக்கை ஏற்ற பாலேஸ்வரிக்கு மனம் வரவில்லை.

"ஹிட்," என்றாள்.

எதிரணியின் இரண்டாவது கட்டத்தில் பூச்சியம் அழிந்து ஒன்று வந்தது. வேட் பலகையைத் திரும்பி ஒரு தரம் பார்த்தான். தாடியைச் சொறிந்தான். அடுத்தவனை மூன்றே பந்தில் வெளியேற்றினான். வெற்றி வெற்றிதான், நோ-ஹிட்டர் போய்விட்டது. தமிழ்ச் சனம் எழுந்து நின்று கைதட்டியது.

கொஞ்ச நேரத்தில் வேட் படியேறி வருவது கேட்டது. எட்டாவது ஆள். பாலேஸ்வரி வழக்கமான சிரிப்பைத் தேடி எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஸ்கோர் தாளில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டான். ஒன்பது வயது மகள் கேட்டாளாம், அப்பாவின் கடைசி ஆட்டத்தாள். கொடுத்தாள். வேறெதுவும் அவன் கேட்கவில்லை. போகும்போது, "அந்தப் பந்து கொஞ்சம் துள்ளித்தான் வந்தது, மேடம். கஷ்டமான பந்து," என்றான்.

பந்து துள்ளவேயில்லை. அது அவனுக்கும் தெரியும். அவள் நெஞ்சு சுட்டது.

திரும்பும் வழியில் காரில், ஆட்டம் பார்க்க வந்திருந்த ஸ்ரீகாந்தன், "எனக்கு இந்த விளையாட்டு விளங்கிறேல்ல. எண்டாலும் அது பிழைதானே?" என்று கேட்டார்.

"பந்து துள்ளினது," என்றாள் பாலேஸ்வரி.

"ஓமோ," என்றுவிட்டு அவர் காரை ஓட்டினார். அந்த மனுசன் சொன்னது சரியாக இருந்த நாளில்தானா தனக்கு வாய் அடைக்க வேண்டும் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு காலை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் நிரூபா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நேற்று நீங்கள்தான் தனுவைக் காப்பாத்தினனீங்கள் எண்டு சொல்லுகினம். என்ன ஏதெண்டு எனக்கு விளங்கேல்ல. உங்கட பேரிலயும் ஒரு அர்ச்சனை செய்வித்தனான்."

பின்னால் நின்ற தனுஜன், நெற்றி நிறைய விபூதியோடு, நித்திரை கொள்ளாத கண்களோடு, அவளைச் செருப்பு வைக்கும் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"அன்ரி, அது எரர். மை எரர். ப்ளீஸ், சேஞ்ச் பண்ணுங்கோ."

"தம்பி, முதல் மட்ச். அம்மா பாத்துக்கொண்டிருந்தவா..."

"அம்மா பாத்தா எண்டதுக்காக வேடின்ர நோ-ஹிட்டரை எடுத்து எனக்குத் தரலாமா அன்ரி?" என்று கேட்டான். "அவன் எனக்கு ஒண்டும் சொல்லேல்ல. முதுகில தட்டினவன். தட்ஸ் த வேர்ஸ்ட் பார்ட். மற்ற ஒருத்தரும் என்னைப் பாக்கேல்ல. நான் ஸ்கோரரின்ர ஆளாம்."

பிழையை அழிக்கச் சொல்லி வந்தவர்களை அவளுக்குத் தெரியும். தன் பெயரில் எழுதச் சொல்லிக் கெஞ்சுகிற ஒருவனை இப்போதுதான் பார்க்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, மாற்றுவதென்றால் தன் பிழையையும் எழுதவேண்டும் என்ற நினைப்புக் கசந்தது. பலகையில் ஓட்டத்துக்குக் கட்டம் உண்டு, ஹிட்டுக்கு உண்டு, எரருக்கு உண்டு. ஸ்கோரருக்கு ஒன்றும் இல்லை. அந்த வசதியில்தான் நான்கு வருடமாக மேலே இருந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

முதலில் நிரூபாவிடம் போய் ஒளிக்காமல் சொன்னாள்.

"நேற்று நான் செய்தது காப்பாத்திறது இல்லை, நிரூபா. தனு விட்டது பிழை. அதை ஹிட் எண்டு சொன்னது என்ர பிழை. இப்ப மாத்தி எழுதப் போறன். அவன்ர பேரில பிழை எண்டு இன்ரநெற்றில வரும். எல்லாரும் பாக்கலாம்."

நிரூபாவின் முகம் செத்துப்போயிற்று. "பிடிக்காத ஆக்கள்கூட இப்பிடிச் செய்யமாட்டினம் அக்கா," என்றாள்.

"அம்மா, நான்தான் கேட்டனான்," என்றான் தனுஜன்.

நிரூபா மகனைப் பார்த்தாள், பிறகு பாலேஸ்வரியைப் பார்த்தாள். உள்ளே கும்பிடப் போய்விட்டாள். அவள் திரும்பி வந்து கதைப்பாளா என்பது பாலேஸ்வரிக்குத் தெரியவில்லை. அது வலித்தது.

கோயில் வாசலில் நின்றபடியே தொலைபேசியில் லீக்குக்கு எழுதினாள்: ஒன்பதாவது சுற்று, ஷோர்ட்ஸ்டொப்பின் எரர். முதல் தீர்ப்பு ஸ்கோரரின் பிழை. கீழே முழுப் பெயரையும் போட்டாள். கெடு முடிய இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருந்தது. பத்து நிமிடத்தில், ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது.

"வேட் ரெண்டு மணிக்கு எயார்போர்ட்டுக்கு வெளிக்கிடுறான்," என்றான் தனுஜன்.

கோயிலுக்குக் கூட வந்திருந்த ஸ்ரீகாந்தன் காரை எடுத்தார். வெஸ்ட்மீட்டில் பயிற்றுநரின் வீட்டு முற்றத்தில் வேட் ஒரு பெரிய பையைக் கார் டிக்கிக்குள் முழங்காலால் அமுக்கிக்கொண்டிருந்தான். பட்டுச் சேலையில் வந்து இறங்கிய ஸ்கோரரைக் கண்டு நிமிர்ந்தான். பாலேஸ்வரி மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அவனுக்குப் பிடிபடவில்லை. தொலைபேசியை நீட்டினாள். இரண்டு தரம் வாசித்தான்.

"அப்படியென்றால் இது யாருடைய பிழை?" என்று கேட்டான்.

தனுஜன் பள்ளிக்கூடத்தில்போலக் கையை உயர்த்தினான். பாலேஸ்வரியும் உயர்த்தினாள்.

வேட் முற்றத்துச் சீமெந்தில் அப்படியே குந்திவிட்டான். முந்தின நாள் நடந்திருந்தால் மொத்த அணியும் அவன் மேல் விழுந்து புரண்டிருக்கும். இன்றைக்குத் தனுஜன் ஒருவன்தான். அவன் போய் வேடின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பதினைந்து வருடத் தொழில்முறை வீரன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பாலேஸ்வரிக்கும் கண் நிறைந்தது. மறைக்கவில்லை.

பிறகு அவன் வீட்டுக்கு அழைத்தான். நித்திரைக்குப் போக இருந்த மகள் திரையில் வந்தாள். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் துள்ளவில்லை. "அந்த ஸ்கோரரோடு பேசலாமா?" என்றாள்.

வேட் தொலைபேசியைப் பாலேஸ்வரியிடம் கொடுத்தான். பல்லொன்று விழுந்த ஒரு சின்ன முகம் அவளை உற்றுப் பார்த்தது.

"அப்பாவுக்கு எல்லாரும் எப்போதும் நன்றாகத்தான் விளையாடினாய் என்று சொல்வார்கள்," என்றாள் அந்தப் பிள்ளை. "உண்மையிலேயே ஒரு ஹிட்டும் இல்லையா? அல்லது நீங்களும் பாவம் பார்த்துச் சொல்கிறீர்களா?"

"நேற்றுத்தான் பாவம் பார்த்தேன், பிள்ளை," என்றாள் பாலேஸ்வரி. "அது உன் அப்பாவுக்கு இல்லை. உன் அப்பாவின் பந்தில் ஒரு ஹிட்டும் இல்லை."

பிள்ளை, அப்பாவிடம் இருக்கும் தாளில் அதைத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுவிடச் சொன்னாள். பாலேஸ்வரி கைப்பைக்குள் பென்சிலைத் தேடினாள்.