வாசலில் ஒரு தகர டப்பா

பஞ்சுக் கிடங்கின் வாசலில் தம்பி நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களின் சட்டைப் பையைத் தடவித் தீப்பெட்டிகளைத் தகர டப்பாவில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். அதைக் கண்டதும் அக்கா நடையை நிறுத்தினாள். நேற்றுவரை அது வாட்ச்மேன் பார்த்த வேலை.

"என்னக்கா அப்படிப் பாக்கறே? மேனேஜர் குடுத்த பதவி. உன் பையையும் காட்டு."

பின்னால் நின்ற மூட்டைக்காரர் சிரித்தார். "மாப்பிள்ளை இல்லேன்னா போன வாரமே நாமெல்லாம் கரிக்கட்டை. புகை வர்றதுக்கு முன்னாடியே மண்வாளியோட நிக்கறாரே, என்ன மூக்குய்யா அது!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு எரிந்தபோதும் அவன்தான் முதலில் தண்ணீர் கொண்டு ஓடினான். அதற்கு முன்னால், தாலாட்டுக் கேட்கிற குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவன் நின்றதை அவள் மட்டுந்தான் பார்த்தாள். 'கெட்ட புத்தி இல்லம்மா, இது ஒரு வியாதி. நெருப்பு கைக்கு எட்டாம பாத்துக்குங்க' என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். தீப்பெட்டி நுழையாத இடம் ஊரிலேயே இது ஒன்றுதான் என்று எண்ணித்தான், தான் மெத்தை தைக்கிற கிடங்கிலேயே கெஞ்சிக் கூத்தாடி அவனைச் சேர்த்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"மாத்திரை போடறியா?"

"போட்டா ஒரே தூக்கம்." டப்பாவை மடியில் வைத்திருந்தான். "வேணும்னு செய்யலக்கா. உள்ளே என்னமோ இறுகிக்கிட்டே வருது. அதைப் பாத்தாத்தான் விடுது."

"நான் மேனேஜர்கிட்ட சொல்லிடப் போறேன்."

"சொல்லேன்." கோபமே இல்லாமல் சொன்னான். "ஆனா அதோட என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. நீ வந்து பாப்பியா?"

அவள் எழுந்து உள்ளே போனாள்.

கூரை வரைக்கும் பஞ்சு மூட்டைகள். நடுவில் பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கதவு. அந்தக் கதவோரத்திலிருந்து, அவன் டப்பாவைக் குலுக்குகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. சத்தம் வருகிறவரை எல்லாம் டப்பாவுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தைத்தாள். தையல் கோணிக்கொண்டு போயிற்று. பிரித்துத் தைத்தாள். மறுபடியும் கோணியது.

ஊசியை மெத்தையில் குத்திவிட்டு எழுந்து மேனேஜர் அறையைப் பார்த்து நடந்தாள்.

பாதி வழியில் டப்பாவின் சத்தம் நின்றது. பிறகு, ஒரேயொரு தீப்பெட்டியை யாரோ காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பது கேட்டது.