கோல் கம்பத்துக்குள் மூன்று பையன்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நர்சிசா தன் கடைசி மகன் டூவருக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது, வாசல் இரும்புக்கதவு மெதுவாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அந்தக் கதவை அவ்வளவு பூப்போலச் சாத்தக்கூடிய ஆள் அந்த வீட்டில் ஒருவன்தான். அதுவும் தப்பு செய்கிற நாளில் மட்டும். சோப்பு நுரை வழிய வழியக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் புருஷன் ஓல்கெரின் மூன்று சக்கர மோட்டார் வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கோல்கீப்பர் கையுறைகளைக் காணோம்.

"எலியான்! அப்பா எங்கடா போறாரு?"

ஆறு வயது எலியான் வாய் நிறைய வாழைக்காய் உருண்டையை அடைத்துக்கொண்டு சொன்னான். "மேட்சுக்கு. நீ கேட்டா, டயருக்குக் காத்தடிக்கப் போயிருக்கேன்னு சொல்லச் சொன்னாரு."

நர்சிசாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பத்தரைக்கு அவளுக்குப் பரீட்சை. குவாயகில் நகரின் தெற்குக் கோடியில், ஆற்றை ஒட்டியிருந்த இறால் ஆலையில் எட்டு வருடமாக நின்றுகொண்டே இறால் உரிக்கிறாள். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மாலை ஷிப்ட். மாலை ஷிப்ட் வாரங்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் முகத்தையே பார்க்க முடியாது. தரப் பரிசோதகர் வேலை கிடைத்தால் தினமும் காலை ஷிப்ட் மட்டும்தான். அதற்கான பரீட்சையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். போன தடவை மூத்தவன் யாந்திரிக்குக் காய்ச்சல். "காய்ச்சல்காரப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஆம்பள நான் என்ன பண்றது?" என்று ஓல்கெர் கையை விரித்துவிட்டான். இந்தத் தடவை மூன்று வாரத்துக்கு முன்பே மாதாவின் படத்துக்கு முன்னால் அவனை நிறுத்திச் சத்தியம் வாங்கியிருந்தாள். வழக்கமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு பெத்தித்தா அக்கா பேத்தியின் ஞானஸ்நானத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள்.

"செருப்ப மாட்டு! யாந்திரி, அந்த டிவிய அணைக்கிறியா, இல்ல தூக்கிப் போட்டு உடைக்கவா? எலியான், என்னடா இன்னும் மென்னுக்கிட்டே இருக்க!" எலியானின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். உருண்டை தரையில் விழுந்து சிதறியது.

"நான் என்னம்மா பண்ணேன்?" என்றான் அவன். அழவில்லை. நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்டான்.

நர்சிசா கையை விட்டாள். பிள்ளையின் மணிக்கட்டில் அவள் விரல் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவன் ஒன்றும் பண்ணவில்லை. மூன்று பேரில் யாருமே ஒன்றும் பண்ணவில்லை. ஒன்பது வருடமாக யாரோ ஒருவன் மேல் வருகிற கோபத்தை இந்தப் பிஞ்சுகள் மேல்தான் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியதும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பரீட்சைக்கான பேனாவையும் அடையாள அட்டையையும் பையில் போட்டாள். டூவருக்கு ஒரு சட்டையை மாட்டி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வாங்கடா. உங்கப்பாகிட்ட போவோம்."

சர்ச்சுக்குப் பின்னால் இருந்த மண் மைதானத்தில் பேட்டைப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒலிபெருக்கி அலறியது. சுற்றிலும் ஜனம். வெயிலில் புழுதி புகையாக எழுந்து நின்றது. நர்சிசா கயிற்றைத் தூக்கி, பிள்ளைகளைக் குனிய வைத்து உள்ளே நுழைந்தாள். ஓரமாகக்கூடப் போகவில்லை. மைதானத்தின் நடுவிலேயே நடந்தாள். பந்து அவள் காலடியில் உருண்டு போயிற்று. நடுவர் விசில் ஊதினார். இன்னொரு தடவை ஊதினார்.

"ஏ ஓல்கெரு, வீட்டு நடுவர் வந்தாச்சுடா!" என்று எவனோ கத்தினான். "சிவப்பு அட்டைதான் இன்னைக்கு!" என்றான் இன்னொருவன். ஜனம் சிரித்தது.

நர்சிசா நின்று திரும்பினாள். "சிரிக்கிறவங்கள்லாம் சொல்லுங்கய்யா, உங்க பிள்ளைங்க இப்ப எங்க? யாரு பாத்துக்கிட்டிருக்கா?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி விரல் வைத்து விசிலடித்தாள்.

ஓல்கெர் கோல் கம்பங்களுக்கு நடுவே கையை விரித்து நின்றான். "உனக்குப் பைத்தியமா நர்சிசா? மேட்ச் நடக்குது!"

"நடக்கட்டும். இந்தா, உன் பசங்க."

"இது ஃபைனல்டி! ரெண்டு மணி நேரம் பொறுத்துக்க மாட்டியா?"

"எனக்கும் இன்னைக்குத்தான் ஃபைனல். சத்தியம் பண்ணப்ப வாய்ல என்ன வச்சிருந்த?"

டூவரை இறக்கி அவன் காலருகே விட்டாள். குழந்தை உடனே அப்பாவின் தொடையைக் கட்டிக்கொண்டது. மற்ற இருவரையும் கம்பத்துக்குள் நிறுத்தினாள்.

"நல்லாக் கேட்டுக்க. டூவருக்குப் பத்து மணிக்குப் பசிக்கும். யாந்திரி நாளைக்கு ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கணும். எலியானுக்கு இங்க விக்கிற இறால் எதையும் வாங்கிக் குடுத்துடாத. ஆகாது, உதடு வீங்கிடும்."

ஓல்கெர் விழித்தான். "இறால் ஆகாதா? எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா!" அவள் குரல் உடைந்தது. "மூணு வருஷமா வேலைலேர்ந்து வந்து முழங்கை வரைக்கும் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்ச பெறகுதான் அவனைத் தொடறேன். நீ ஒரு நாளாவது ஏன்னு கேட்டியா?"

நடுவர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "அம்மா, கொஞ்சம் வெளிய போங்கம்மா," என்றார்.

"போறேன் சார். போறதுக்குத்தான் வந்திருக்கேன்."

கம்பத்துக்குப் பின்னால் கிடந்த ஓல்கெரின் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தாள். அவன் கால் முறிந்து கிடந்த இரண்டு மாதமும் அந்த வண்டியை ஓட்டி வீட்டைக் காத்தவள் அவள்தான். பின்னால் ஓல்கெர் கத்தினான், டூவர் அழுதான், ஜனம் கூச்சல் போட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

பத்து இருபதுக்கு ஆலை வாசலை அடைந்தாள். முதல் அரைமணி நேரம் கேள்வித்தாள் கண்ணில் நிற்கவேயில்லை. டூவரின் அழுகைதான் காதில் கேட்டது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல அழுத்தி அழுத்தி எழுதினாள். பனிக்கட்டி எந்த அளவு, குளிர் எவ்வளவு, கெட்ட இறாலின் தலை எப்படிக் கறுக்கும்? எட்டு வருடம் அவள் விரலுக்குத் தெரிந்ததைத்தான் கேட்டிருந்தார்கள்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் அப்போதுதான் நடந்து வந்து சேர்ந்திருந்தார்கள். எலியானின் ஒரு செருப்பைக் காணோம். டூவர் அப்பாவின் தோளில் தூங்கியிருந்தான். அவன் அப்பாவின் காலை விடாததால் ஓல்கெர் ஆட்டத்திலிருந்து வெளியேற, மாற்று ஆள் மூன்று கோல் விட்டுக் கோப்பை கை நழுவிப் போயிற்று.

"ஊரே சிரிக்குது," என்றான் ஓல்கெர். "இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த மைதானத்துல நிப்பேன்? என் மானத்த வாங்கிட்ட."

"பெத்த பிள்ளைங்க பக்கத்துல நின்னா போற மானம், போகட்டும்."

"என்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"ஒன்பது வருஷமா தனியாத்தான் சொன்னேன். சுவத்துகிட்ட சொன்ன மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு நாலு பேர் முன்னாடி சொன்னேன், உன் காதுல விழுந்துச்சு."

அவன் குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான். பன்னிரண்டு நாள் இருவரும் பேசவில்லை. வேண்டியதை யாந்திரியின் வாய் வழியாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் வேலை கிடைத்தது. நர்சிசா பரிசோதகரின் வெள்ளைக் கோட்டுக்கு மாறினாள். ஓல்கெரைக் கொஞ்ச நாள் "ஆயா" என்று கேலி செய்தார்கள். வேறு கோல்கீப்பர் அகப்படாததால் திரும்பக் கூப்பிட்டார்கள். இப்போது ஞாயிறுதோறும் மூன்று பையன்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போகிறான். யாரும் சொல்லி அல்ல; அவளும் கேட்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு வண்டி கிளம்பிப் போனதும் பெத்தித்தா அக்கா வேலி மேல் கையை ஊன்றிப் பெருமூச்சு விட்டாள். "மூணையும் ஒத்தையாளாக் கட்டி மேய்க்கிறான் பாரு! இந்த மாதிரிப் புருஷன் கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும் நர்சிசா. தங்கமான மனுஷன்."

துணி பிழிந்துகொண்டிருந்த நர்சிசாவின் கை நின்றது. காதோரம் சுர்ரென்று சூடு ஏறியது.

"அக்கா, ஒன்பது வருஷம் நான் அதே மூணையும் மேய்ச்சேன். என்னைத் தங்கம்னு நீ ஒரு தடவ சொன்னியா?"

பெத்தித்தா வேலியிலிருந்து கையை எடுத்தாள். "அது வந்து… நீ தாய்தானேம்மா."

நர்சிசா கையிலிருந்த சட்டையைப் பளார் பளாரென்று உதறினாள். தண்ணீர் வேலி தாண்டி அக்காவின் முகத்தில் தெறித்தது. மன்னிப்புக் கேட்காமல் அடுத்த சட்டையை எடுத்தாள்.