மூணாவது ஸ்கிரீன்

ஒரகடத்தில் அந்தக் கம்பெனியில் நாற்காலி என்பது ஒரு பதவி. காருக்கு விளக்கு போர்டு செய்கிற லைனில் அத்தனை பேரும் ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். லைன் முடிகிற இடத்தில், கேமரா எடுத்த படத்தை ஸ்கிரீனில் பார்த்துப் ஈயப் பற்று சரியில்லாத போர்டைக் கழிக்கிற மூன்று பெண்களுக்கு மட்டும் நாற்காலி உண்டு. கால் வலிக்குமே என்று எவரும் போடவில்லை. நின்று பார்த்தால் கண் தப்பி, போர்டு வீணாகிவிடும் என்று போட்டது.

அதில் ஒன்றில் கவியா உட்கார்ந்திருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், அருள்பாண்டியின் மனைவி. நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். தெரிந்தால் காண்டிராக்ட்காரன் மறுநாளே நிறுத்திவிடுவான் என்று, யூனிபார்ம் கோட்டைப் பெரிய அளவில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். போன தடவை பாக்கிங்கில் நின்றபோதுதான் கலைந்தது. "உக்காந்து பாக்கிற வேலைன்னா போ, நிக்கிற வேலைன்னா வேணாம்" என்று படப்பை டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். அவர்கள் இருவருக்கும் உலகத்தில் இருந்த ஒரே சொத்து அந்த நாற்காலிதான்.

அருள்பாண்டி படப்பையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தான். அந்தக் கம்பெனியில் எது பழுதானாலும் கடையிலிருந்து அவன்தான் போவான். உள்ளே வேலை பார்ப்பவளின் புருஷன் என்று தெரிந்தால் வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிடுவார்கள் என்பதால், கேட்டைத் தாண்டினால் அவன் யாரோ, அவள் யாரோ.

அன்றைக்கு லைன் இன்சார்ஜ் ரகுபதி அவனைக் கூப்பிட்டிருந்தார்.

"அருளு, மூணு கேமராவையும் இந்த ஒரு சிஸ்டத்துல ஏத்திடு. மூணு ஸ்கிரீனையும் ஒரே டேபிள்ல வச்சிடு. ஒரு ஆளு பாத்தா போதும். மத்த ரெண்டு பேரும் பாக்கிங்குக்குப் போய்டுவாங்க."

யார் உட்காருவது, யார் போவது என்று கேட்க அவனுக்கு நாக்கு துடித்தது. வெளி ஆள் கேட்கிற கேள்வியா அது? "சரி சார்" என்றான்.

கேபிளை மாட்டினான். இரண்டு ஸ்கிரீன் வந்தது. மூன்றாவது இருட்டாகவே நின்றது. காரணம் அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஸ்கிரீனுக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டில் இரண்டு வாய்தான். மூன்றாவது கேபிளை மதர்போர்டிலேயே இருக்கிற வாயில் செருகியிருந்தான். கார்டு போட்டால் அந்த வாய் தூங்கிவிடும். சிஸ்டம் ஆன் ஆகும்போது பயோஸுக்குள் போய் ஒரு செட்டிங்கை மாற்றினால் விழித்துக்கொள்ளும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

கீபோர்டில் கை வைத்தவன் நிமிர்ந்தான். மேசையை நகர்த்த இடம் வேண்டும் என்று பெண்களை எழுப்பியிருந்தார்கள். கவியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றாள். மூன்றாவது ஸ்கிரீன் வந்தால் பாக்கிங்குக்குப் போகிறவளும் இவள்தான் என்று அருள்பாண்டிக்குத் தோன்றிவிட்டது. கையை எடுத்துவிட்டான்.

பிறகு அவன் ஆடியது எல்லாம் நாடகம். கேபிளை மாற்றிப் பார்த்தான். டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். கார்டைக் கழற்றி, அதன் தங்கப் பல்லை ரப்பரால் தேய்த்தான்.

"இன்னாண்ணே, கார்டுக்குப் பல்லு வெளக்கி வுட்டுக்கினு கீறே?" என்று சிரித்தாள் மெர்சி. மணிமங்கலத்துப் பெண். அவளும் அந்த மூவரில் ஒருத்தி.

"இந்தக் கார்டு எதுக்கும் ஆகாது சார்" என்றான் அருள்பாண்டி. "மூணு ஸ்கிரீன் குடுத்தா சூடாகி நின்னுபோகும்."

"அப்ப இன்னா போடணும்?" என்று கேட்டார் ரகுபதி.

கேம் ஆடுகிற பிள்ளைகள் கனவில் காண்கிற கார்டு ஒன்று உண்டு. செங்கல் பருமன். தனக்குத் தெரிந்ததிலேயே பெரியதான அதன் பெயரைச் சொன்னான். ஒரு மவுஸ் வாங்கவே மாதக்கணக்கில் யோசிக்கிற கம்பெனி அது. இந்தக் கார்டு வருவதற்குள் குழந்தையே பிறந்துவிடும் என்பது அவன் கணக்கு. ரகுபதி பெயரைக் குறித்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவர்கள் குடியிருந்த சேரப்பணஞ்சேரி ரூமில் கவியா முதலில் கேட்டதே அதைத்தான்.

"மூணாவது ஸ்கிரீன் வந்துச்சாங்க?"

"எப்படி வரும்? நாந்தான வரவிடல" என்று மீசையைத் தடவிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த சீட்டு எனக்குத்தாங்க. நாந்தான் வெரசா பாக்கேன்னு ரகுபதி சார் காலைலயே சொல்லிட்டாரு."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, கவியா?"

"எங்க வச்சுச் சொல்ல? போனைத்தான் கேட்டுலயே வாங்கி வச்சுக்கிடுதாவளே. நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? என்னைய நம்பி ஒரு சீட்டு குடுப்பாவன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

மெர்சியும் இன்னொருத்தி சத்யப்பிரியாவும் நிற்கப் போவதைப் பற்றி அந்த ரூமில் யாரும் பேசவில்லை. தன் கால் கடுக்கும்போது அடுத்தவர் கால் யாருக்கு ஞாபகம் வருகிறது?

மறுநாள் காலையில் அழையாமலே போய் நின்றான். "ஒரு செட்டிங் விட்டுப்போச்சு சார்" என்று பயோஸுக்குள் போய் மாற்றினான். மூன்றாவது ஸ்கிரீன் பளிச்சென்று வந்தது.

"அட, வந்துடுச்சே" என்றார் ரகுபதி. "சரி, புதுசு வர்ற வரைக்கும் ஓடட்டும்."

"புதுசு எதுக்கு சார்? இதுவே போதும்."

"அது வேற மேட்டர்ப்பா. பெரிய கார்டு ஒண்ணு போட்டாக்கா கேமராவே போர்டைப் பாத்துக்குமாம். பெங்களூர் சாப்ட்வேர்காரன் ரொம்ப நாளா சொல்லிக்கினே இருந்தான். இருக்கற கார்டே நல்லாத்தான கீதுன்னு மேனேஜர் தள்ளிக்கினே வந்தாரு. நேத்து நீ இது எதுக்கும் ஆகாதுன்ன பாரு, அதை அப்படியே மெயில்ல போட்டேன். ஒடனே ஓகே ஆயிடுச்சு. நீ சொன்ன அதே கார்டுதான்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அருள்பாண்டிக்கு அந்தக் காசுகூடச் செலவாகவில்லை.

மெர்சியும் சத்யப்பிரியாவும் பாக்கிங்குக்குப் போனார்கள். கவியா சில வாரம் மூன்று ஸ்கிரீனுக்கு நடுவே ராணி போல உட்கார்ந்திருந்தாள். அவள் கழித்த ஒவ்வொரு போர்டின் படமும் பெங்களூருக்குப் போனது. எது நல்லது, எது கெட்டது என்று அதைப் பார்த்துத்தான் அங்கே சாப்ட்வேர் பாடம் படித்தது. அவள் வேகமாகப் பார்க்கப் பார்க்க அது சீக்கிரம் படித்தது.

கார்டு வந்ததும் அதைச் செருகியவன் அருள்பாண்டிதான். வேறு யாருக்கு அது தெரியும்? டிஸ்ப்ளே கேபிளை எடுத்தபோது பெங்களூர்காரன் கையை ஆட்டினான். "வேணாம் பாஸ். இதுக்குப் பாக்க ஆள் இல்ல."

மூன்று மானிட்டரையும் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்தான். கவியாவைப் பாக்கிங்குக்கு அனுப்பினார்கள்.

"வேலைக்குப் போகாத, நின்னுரு" என்று ரூமில் கெஞ்சினான்.

"நின்னுட்டு எதைத் திங்க? உங்க மொதலாளி என்னைக்கு நேரத்துக்குச் சம்பளம் குடுத்தாரு?" என்று டிபன் பாக்ஸை மூடினாள்.

அடுத்த வாரம் ரகுபதி அவன் தோளில் தட்டினார். மற்ற லைன்களுக்கும் அதே கார்டுதானாம், எல்லாம் அவன்தான் போட வேண்டுமாம். "அந்த சேரெல்லாம் ஸ்கிராப்புக்குப் போவுது. ஒண்ணு வேணும்னா எடுத்துக்கோ, கேட் பாஸ் போட்டுத் தரேன்."

எடுத்துக்கொண்டான். ஓரத்துக் கிழிசலில் கவியா நீல டேப் ஒட்டிய நாற்காலி அது. ஷேர் ஆட்டோவின் பின்னால் வைத்துக் கொண்டுவந்து ரூமின் நடுவில் போட்டான்.

ஷிப்ட் முடிந்து வந்த கவியா வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். வீங்கிய கால் செருப்புக்குள்ளிருந்து வரமாட்டேன் என்றது. தூக்கி வெளியே எறியத்தான் அவளுக்கு ஆத்திரம். எறியத் தெம்பு இல்லாமல் அதிலேயே உட்கார்ந்தாள்.

அருள்பாண்டி கீழே உட்கார்ந்து அவள் செருப்பைக் கழற்றினான். தலையை நிமிர்த்தவில்லை.

"புதுக் கார்டு நல்லா ஓடுதாங்க?" என்று கேட்டாள்.

"ஓடுது" என்றான்.