ஊதா ஆட்டுக்குட்டியும் சொல்பேச்சு கேட்காத கேமராவும்

சுந்தரேஸ்வரி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது தன் கேம் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். டிவியோடு மாட்டியபடியே இருந்த அதைத் துடைக்க உட்கார்ந்த அவள் அம்மா சுதாராணி எதையோ அமுக்கிவிட, திரையில் ஊதா நிறத்தில் ஒரு ஆட்டுக்குட்டி வந்து நின்று அவளைப் பார்த்தது.

சுதாராணி புதியம்புத்தூரிலிருந்து நைட்டிகள் எடுத்துவந்து கோவில்பட்டியில் வீட்டிலேயே வைத்து விற்பவள். எந்தச் சாயம் எத்தனை துவைப்புக்கு நிற்கும் என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். அந்த விளையாட்டில் இருந்த பச்சையையும் ரோஸையும் அவள் எந்தத் துணியிலும் பார்த்ததில்லை. அன்று மத்தியானம் நைட்டி பார்க்க வந்தவர்களிடம் அப்புறம் வரச் சொல்லிவிட்டாள்.

குட்டி தீவுக்குத் தீவு தாண்டி வெண்கல மணிகளைப் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளுகிற இரண்டு ஸ்டிக். இடதுபக்க ஸ்டிக் குட்டியை நடத்தும். வலதுபக்கத்து ஸ்டிக் நாம் பார்க்கிற கோணத்தைத் திருப்பும். அதற்குப் பெயர் கேமரா என்று மகள் போனில் சொன்னாள்.

கேமரா யார் சொல்லையும் கேட்பதாக இல்லை. குட்டி சுவரோரம் போனால் கேமரா சுவருக்குள் போய்விடும். குட்டி தாவுகிற நேரம் பார்த்துத் தானாகவே சுழலும். நேராகத் தாவிய குட்டி பக்கவாட்டில் போய்க் கடலில் விழும். சாயங்காலத்துக்குள் சுதாராணிக்குத் தலை கிறுகிறுத்து, மத்தியானச் சாப்பாடு முழுக்க வெளியே வந்துவிட்டது. அவள் விளையாட்டை நிறுத்தவில்லை. பஸ்ஸில் போகும்போது செய்கிற மாதிரி ஒரு எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

கயத்தாறில் பம்புசெட் மோட்டார் கடை வைத்திருக்கும் அவள் கணவர் லிங்கராஜ், கடையடைத்து வந்து பார்த்தபோது அவள் பழத்தை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"என்னட்டி செய்யுதே?"

"விளையாடுதேன். ரெண்டு கையும் ரெண்டு வேலை பாக்கணும். எனக்கு ஓட மாட்டேங்குது."

"ஒண்ணை என்கிட்ட குடு."

அவர் உதவியாகத்தான் சொன்னார். இருவரும் சோபாவில் நெருங்கி உட்கார்ந்து, கன்ட்ரோலரை ஆளுக்குப் பாதியாகப் பிடித்தார்கள். அவள் குட்டியை நடத்தினாள். அவர் கேமராவைத் திருப்பினார். முதல் மணி கிடைத்தது. இருவரும் சேர்ந்து கடைசியாக ஒரு பொருளைப் பிடித்தது மகள் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்த்தபோது. அந்தக் கல்யாணம் நின்றுபோனது. இப்போது மணியைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

ஒரு வாரத்தில் லிங்கராஜுக்குக் கடல் பிடித்துப்போனது. குட்டி பாலத்தில் நிற்கும்போது அவர் கேமராவைக் கடல் பக்கம் திருப்பிவிடுவார்.

"ஏங்க, நான் எங்கன கால் வைக்கணும்னு பாக்கணும்."

"இரு. அங்கன ஒரு மேகம் வருது."

"குட்டி விழுந்துட்டு."

"விழுந்தா திரும்ப வருமில்லா. மேகம் வராது."

பழைய கேமராவே தேவலை, அது பதில் பேசாது என்றாள் சுதாராணி. டிவியை அவள் பிடித்திருந்ததால் செய்தி பார்க்கவும் வழியில்லாமல், அவர் எழுந்துபோய் வாசலில் நின்றார்.

தீபாவளிக்கு வந்த சுந்தரேஸ்வரி நடந்ததைக் கேட்டுவிட்டு செட்டிங்ஸில் போய் எதையோ மாற்றினாள். கேமரா தானாகச் சுழல்வது நின்றது. அதன் வேகமும் குறைந்தது.

"இது ஒரு ஆள் விளையாடுற கேம்மா. நீங்க ரெண்டு பேரும் எப்படி இதுல சண்டை போட்டீங்க?"

அதன் பிறகு சுதாராணி தனியாகவே விளையாடினாள். கிறுகிறுப்பு இல்லை, குட்டியும் விழவில்லை. தீவுகள் மளமளவென்று முடிந்தன. லிங்கராஜ், அவள் சமையலுக்குப் போகும்போது மட்டும் கன்ட்ரோலரை எடுப்பார். மணி ஒன்றும் பொறுக்கமாட்டார். குட்டியை எங்காவது ஏற்றி நிறுத்தி, கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதாராணி குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்க்கையில் குட்டி நெட்டுக்குத்தான ஒரு பாறை உச்சியில் நின்றது. சுற்றிலும் இறங்க வழியே இல்லை.

"இதுல எப்படிங்க ஏத்துனீங்க?"

"தெரியலை. ஏறிட்டு."

"இறக்குங்க."

"அது எனக்குத் தெரியாதே."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேமராவை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். கீழே அவள் தாண்டிவந்த எல்லாத் தீவுகளும் சேர்ந்து தெரிந்தன. ஓடி ஓடித் தாண்டியதில் அவள் அவற்றை இப்படிப் பார்த்திருக்கவில்லை. தூரத்தில் ஒன்று இளம் மஞ்சளில் இருந்தது.

"அது நல்லாருக்கு," என்றாள்.

"ம்."

அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது. இரண்டு பேருக்கும் தெரிந்தது. கொஞ்சநேரம் கழித்துத்தான் லிங்கராஜ் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார்.