இரண்டாவது தும்பிச் சாடி

வலியசாலையில் பத்மப்ரியாவின் மொட்டைமாடிக் கொட்டகையில் மின்சாரச் சூளை ஒன்று இருந்தது. கண்ணாடியில் எனாமல் சாயத்தால் வரைந்து, அதைச் சூளையில் வைத்துச் சுட்டெடுப்பது அவள் தொழில். சூளையைப் போட்டாலே அக்கம்பக்கத்தில் விளக்கு மங்கும். எதிர்வீட்டு அழகியநம்பி சண்டைக்கு வராத வாரமில்லை.

ஆற்றங்கரையில் குடியிருக்கும் முதியவள் தங்கபாய் ஒருநாள் கொண்டுவந்த பூச்சாடிக்கு நூறு வயதுக்கு மேலிருக்கும். புகைநிறக் கண்ணாடியில் ஆம்பல் கொடி. அதன்மேல் பொன்கோட்டுச் சிறகுடன் ஒரு நீலத் தும்பி. ஐரோப்பாவில் எங்கோ செய்தது. அதன் ஜோடியை, போன மழையில் வீட்டுக்குள் புகுந்த கரமனை ஆறு அலமாரியோடு சாய்த்து நொறுக்கிவிட்டது.

"மக்ளே, எங்களுக்கு அம்பதாவது கல்யாண நாளு வருது. சர்ச்சில ஸ்தோத்திர ஆராதனை வச்சிருக்கோம். அன்னைக்கு மேசையில ரெண்டு சாடியும் நிக்கணும்."

"அச்சு அசல் அதே மாதிரி வராது ஆன்ட்டி. என் கையில எப்படி வருமோ அப்படித்தான் வரும்."

"அது மதி, அது போதும்."

அவள் வரைந்து சுட்ட முதல் சாடியில் தும்பியின் நீலம் கருகிச் சாம்பலானது. அடுத்தது ஆறும்போது குறுக்கே விரிசல் விட்டது. மிச்சமிருந்த ஒரே வெற்றுச் சாடியில் மறுபடி வரைந்து, ஆராதனைக்கு முந்தின நாள் சூளையில் வைத்தாள். பிற்பகலில் இடியோடு மழை கொட்டியது. சாயம் உருகுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. ஆறவிட்டு மறுபடி சுட நேரமில்லை.

அழகியநம்பி கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர். பத்மப்ரியா நனைந்தபடி அவர் வாசலில் போய் நின்றாள்.

"மாமா, ஜெனரேட்டர் வேணும். இப்பவே."

"நான் தொண்டை கிழியக் கத்தினப்போல்லாம் எட்டிப் பாக்காதவ, இப்போ வந்துட்டியாக்கும்?"

"நாளைக்கு ஆசைதீரத் திட்டுங்கோ. இப்போ சூடு எறங்கிண்டிருக்கு."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "கேபிள் மாடிவரைக்கும் எட்டுமோ?"

எட்டியது. ஜெனரேட்டர் உறுமியது. அவர் குடையைக் கேபிள் இணைப்புக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தார். சூளையின் வெப்பமானி முள் தயங்கித் தயங்கி மேலே ஏறியது. பார்வைத் துளையில் கண்ணை வைத்திருந்த பத்மப்ரியா, மாவாய் வெளிறிக் கிடந்த சாயம் ஈரம் பட்டதுபோல மினுங்கத் தொடங்குவதைக் கண்டாள்.

"உருகிடுத்து மாமா!" அவள் கூவியது தெருக்கோடிவரை கேட்டது.

விடிந்ததும் சூளையைத் திறந்தாள். விரிசல் இல்லை, கருகல் இல்லை. ஆம்பல் இலைமேல் தும்பி, அப்போதுதான் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. சாடியின் அடியில் தன் பெயரைப் பொறித்தாள்.

தேவாலயத்தில் தங்கபாய் இரண்டு சாடிகளையும் மாறிமாறிப் பார்த்தாள். "இது வேற தும்பியாக்கும் மக்ளே. பழசைவிடத் துடியா இருக்கு, கேட்டியா."

அவள் கணவர் வேதமாணிக்கம் புதிய சாடியைச் சபையார் எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்தார். ஜன்னல் வெயில் ஊடுருவி, அவருடைய வெள்ளைச் சட்டையில் நீலம் சிந்தியது. கைதட்டல் எழுந்தது. பத்மப்ரியாவும் கூச்சமே இல்லாமல் கைதட்டினாள்.