இறக்கிய சங்கு

மூடிக் கிடந்த காகித ஆலையின் மொட்டை மாடியில் நின்று மாமா சங்கின் கைப்பிடியை மாங்கு மாங்கென்று சுற்றினார். காதைக் கிழிக்கும் ஊளை ஏரி முழுக்கப் பரவியது. ஆலையே போனாலும் காவல்காரரான அவர் மத்தியானச் சங்கை மட்டும் விட்டபாடில்லை. கீழே வரிசை வீடுகளில் பாத்திரங்கள் உருளத் தொடங்கின.

"இந்த ஊரு வயித்துக்கே நான்தான் கடிகாரம், மாப்ள" என்று சிரித்தார்.

மாப்பிள்ளை என்றால் அவர் மனைவியின் தம்பி. கேஸ் கட்டர் பிடித்து இரும்பு அறுப்பவன். ஆலையைப் பிரித்தெடுக்க காண்ட்ராக்டரோடு முந்தின நாள்தான் வந்திருந்தான். அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது பார்த்த ஊரா இது! அன்றைக்கு ஷிப்ட் விட்டால் தெருவில் சைக்கிளுக்கே இடம் இருக்காது. இப்போது கடை ஷட்டர்கள் துருவேறி இறுகிக் கிடந்தன. படகுத்துறையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"இது பசிக்கு மட்டும்தானா மாமா?"

மாமாவின் சிரிப்பு அடங்கியது. "மூணு தரம் ஊதினா வாயு கசியுதுன்னு அர்த்தம். போட்டது போட்டபடி மேட்டுக்கு ஓடணும். ஒருக்கா ஓடியிருக்கோம். உங்கக்கா பாப்பாவ வயித்துல வச்சுக்கிட்டு ஓடினா."

காகிதத்தை வெளுக்க வைக்கும் வாயு இருந்த தொட்டியைக் காட்டினார். அதற்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

காண்ட்ராக்டர் மூச்சு வாங்க மேலே வந்தார். சங்கை நகத்தால் சுரண்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, பித்தளை! இத முதல்ல இறக்கு."

"தொட்டி வேலை முடியட்டும் சார். ஆபத்துன்னா வேணும்."

"காலித் தொட்டின்னு கம்பெனியே சொல்லிடுச்சு. நீ என்னய்யா பீதியக் கிளப்புற?"

"நீயாவது சொல்லேன், மாப்ள."

காண்ட்ராக்டரை விட்டால் அவனுக்கு அடுத்த வேலை எங்கே? கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போல்டுகளை அறுத்தான். சங்கு கயிற்றில் இறங்கி லாரியில் ஏறியது.

மறுநாள் மத்தியானத்துக்குச் சற்று முன் அவன் மாடியில் கம்பி அறுத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவும் பாப்பாவும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே காண்ட்ராக்டர் சத்தம் போட்டார்: "தொட்டி வால்வும் பித்தளைதான்டா, தட்டி எடு!"

சம்மட்டி விழுந்தது. உஸ்ஸென்று ஒரு சீறல். பச்சையும் மஞ்சளுமாய்ப் புகை வந்தது. அது மேலே எழவில்லை, தரையோடு தரையாகச் சுவரின் சாக்கடை ஓட்டையை நோக்கி ஊர்ந்தது. சம்மட்டிக்காரர் இருமிக்கொண்டே ஓடினார்.

மாமா படிகளைத் தாவித் தாவி மேலே வந்தார். வந்த வேகத்தில் இரண்டு கைகளும் கைப்பிடியைத் தேடி நீண்டன. அங்கே அறுபட்ட நான்கு போல்டுகள்தான் இருந்தன. அவர் மைத்துனனைப் பார்த்தார். அவன் மாடி விளிம்புக்கு ஓடினான்.

"அக்கா! மேட்டுக்கு ஓடு! பாப்பாவத் தூக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

அக்கா கையில் ஈரத்துணியோடு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "சாப்பிடவா கூப்பிடுற? இருடா, இன்னும் சங்கே ஊதலையே!"

ஆலை வாசலில் நின்ற லாரி, காண்ட்ராக்டர் ஏறியதும், ஜன்னல் கண்ணாடிகளை இறுக மூடிக்கொண்டு மேட்டுச் சாலையில் விரைந்தது. அதன் முதுகில் சங்கு வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தபடி கிடந்தது.